ஒரு நிமிஷம் யாரும் அசையாதீங்க

"ஒரு நிமிஷம். யாரும் பேசாதீங்க, யாரும் அசையாதீங்க" என்று சொல்லி ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டதும் வாலண்டினாவுக்கு வழக்கம்போல மூக்கு நுனியில் அரிப்பெடுத்தது. ஊரையெல்லாம் சிலையாக உட்காரச் சொல்கிறவளுக்கு மட்டும் உடம்பு என்றைக்கும் அடங்குவதில்லை. சொறிந்தால் சட்டைக்கை உரசும், உரசினால் பதிவாகும், பதிவானால் மறுபடி முதலிலிருந்து. பல்லைக் கடித்துக்கொண்டு மடியிலிருந்த பதிவுக்கருவியில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோட்டைப் பார்த்தாள். ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் இது ஒரு சடங்கு. கேள்வி பதில் எல்லாம் ஆன பிறகு, அதே ஆட்கள் அதே இடத்தில் இருக்க, அந்த அறையின் வெறும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ரூம் டோன் என்பார்கள். சத்தமே இல்லாத அறை உலகத்தில் கிடையாது என்று அவளுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். இந்த அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெயிலில் நெளிகிற டிக் டிக். மாதா படத்தைச் சுற்றியிருக்கும் சின்ன பல்புகளின் ரீங்காரம். எங்கோ தள்ளி கடல். ஃபேனை நிறுத்திவிட்டதால் கழுத்தில் வேர்வை ஓடியது, நல்லவேளை அதற்குச் சத்தமில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, காதுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதுபோல, இன்னாசியம்மாவின் மூச்சு. அந்த அம்மாள் நீலச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், சேலையில் குத்திய சின்ன வயர்லெஸ் மைக்கோடு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எதிரே இயக்குநர் இளம்பரிதி. அவருக்குப் பின்னால் கேமராவோடு ஷாஜகான். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அரிப்பு மறந்தது. ரூம் டோன் எடுக்கும்போது கேமரா ஓட வேண்டிய அவசியமே இல்லை.

மறந்திருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். ஷாஜகான் மறக்கிற ஆள் இல்லை, அவன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால்கூட முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவான். அப்படியென்றால் இளம்பரிதிதான் ஓடவிடச் சொல்லியிருக்கிறார். எப்போது சொன்னார், எப்படிச் சொன்னார், அவளுக்குத் தெரியவில்லை. கண்ணால் சொல்லியிருப்பார், இரண்டு பேருக்கும் அது பழக்கம். எதற்கு என்பதும் அவளுக்குத் தெரியும், தெரியாததுபோல ஒரு நிமிஷம் ஓட்டிவிடலாமா என்று பார்த்தாள், முடியவில்லை. காலையிலிருந்து எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கல்லாமுனை என்ற இந்த ஊருக்குத் துறைமுகம் வரக்கூடாது, அதுதான் படம். அடுத்த மாதம் அரசாங்கம் நடத்தப்போகும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் படம் ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டும். ஊர்க் கமிட்டி ராயர்தான் இந்த வீட்டுக்குக் கூட்டி வந்தார். "எங்க ஊருல நல்லாப் பேசுற பொம்பள இதுதான் சார், போராட்டத்துல முன்னால நின்னு கோஷம் போட்டது" என்று அறிமுகம் செய்துவைத்தார். இன்னாசியம்மாவும் பேசினாள். கடல் எங்க தாய், தாய விக்க மாட்டோம், எங்க பாட்டன் பூட்டன் மிதிச்ச மண்ணு. கணீரென்ற குரல், மைக்குக்கென்றே செய்த குரல். வாலண்டினா அளவைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டியிருக்கவில்லை. இளம்பரிதி தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் ராயருக்குப் போன் வந்தது, உள்ளே சிக்னல் இல்லை, பேசிக்கொண்டே தெருமுனைக்குப் போனார். அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்ததும் இன்னாசியம்மா எழுந்து கதவைப் பாதி சாத்தினாள். வந்து உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. வாலண்டினா அளவைக் கூட்டினாள்.

"சார், இப்பம் ஒண்ணு சொல்லுதேன், அதையும் படத்துல போடணும். துறைமுகம் வரட்டும்." இளம்பரிதியின் தலையாட்டல் நின்றது. "கடல தாயின்னு சொல்லச் சொன்னாவ, சொன்னேன். எனக்கு அது தாயி இல்ல சார், சக்களத்தி. எம் புருசன் என்கூட இருந்தத விட அதுக்குள்ள இருந்ததுதான் அதிகம். சங்கு குளிச்சுக் குளிச்சுக் காது ரெண்டையும் அதுக்குக் குடுத்துட்டு வந்து கெடக்காவ. இப்பம் எம் மவன் இறங்குதான். அவன் மேல ஏறி வாற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. துறைமுகம் வந்தா அவன் கரையில ஒரு வேல பாப்பான்." அந்தக் கம்பெனிக்காரங்க வேலை தரமாட்டாங்கம்மா, வேற ஊர்ல எல்லாம் ஏமாத்திருக்காங்க, என்றார் இளம்பரிதி. நியாயமான பேச்சு, அதற்கு அவரிடம் ஆதாரமும் இருந்தது. இன்னாசியம்மா சிரித்தாள். "தெரியும் சார். ஏமாத்துவான். ஏமாத்துனா கரையில நின்னு ஏமாறட்டும்." அந்த வாக்கியம் ஹெட்போனுக்குள் விழுந்தபோது வாலண்டினா பச்சைக் கோட்டைப் பார்த்தாள், முழுசாகப் பதிவாகியிருந்தது. எத்தனை ஊர், எத்தனை பேட்டி, எத்தனை ஆயிரம் வாக்கியம். இப்படி ஒன்று எப்போதாவதுதான் வரும். "ஊருக்குள்ள இதச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. ஊரு தண்ணி கொளாய மூடிரும், கோயில் வரிய வாங்காமத் திருப்பி அனுப்பித் தள்ளி வச்சிரும். படத்துல வந்தா பெரிய எடத்துல வந்த பேச்சு, அப்பம் ஊரு கேக்கும். வெட்டிராதீய சார்." இளம்பரிதி தலையாட்டினார். காலையிலிருந்து எதற்கெல்லாம் ஆட்டினாரோ அதே ஆட்டல்தான், கொஞ்சமும் கூடவில்லை, குறையவில்லை. அப்புறம் திரும்பி, "வாலண்டினா, ரூம் டோன்" என்றார்.

முதல் தடவை எடுத்தது பாழாகிவிட்டது. பாதியில் வெளியே வாளியைத் தரையில் இழுக்கிற சத்தம், காதைப் பிய்க்கிற மாதிரி. அந்த அம்மாளின் காது போன புருஷன் சூசை. அவருக்குச் சத்தம் போடாதே என்று சத்தம் போட்டுச் சொல்ல முடியாது, ஷாஜகான் எழுந்து போய்த் தோளைத் தொட்டுக் கையைக் காட்டிவிட்டு வந்தான். இன்னாசியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவுகளுக்கு ஒலகமே இப்ப நீங்க கேக்குத மாதிரிதான், எப்பவும் அமைதி" என்றாள். காலையில் மைக்கைக் குத்தும்போதே சொல்லியிருந்தாள், எங்க வீட்டு ரகசியம் தெருவுக்கே தெரியும் தங்கச்சி, அவுககிட்ட ஒண்ணு சொல்லணும்னா கோயில் மணி மாதிரி அடிக்கணும், தெருவுக்கு மறைக்க வேண்டிய சங்கதின்னா மட்டும் கையால பேசிக்கிடுவோம், என்று. உப்பு வேண்டும் என்பதற்குக் கத்தல், கடன்காரன் வந்திருக்கிறான் என்பதற்குக் கை. வாலண்டினாவுக்கு அந்தப் பொம்பளையைப் பிடித்துப்போனது அப்போதுதான். அதே சமயத்தில்தான் பெயரும் கேட்டாள். வாலண்டினா என்றதும் முகம் மலர்ந்து, "அப்பம் நம்ம ஆளு! எந்தக் கோயில் பங்கு?" என்றாள். கோயம்புத்தூர்ப் பக்கம் என்று சொல்லி வைத்தாள் வாலண்டினா. எந்தக் கோயிலிலும் கால் வைக்காத அப்பா, மில்லில் சங்கம் வைத்து நடத்திய அப்பா, விண்வெளிக்குப் போன ருஷ்யப் பெண்ணின் பெயரை மகளுக்கு வைத்தார் என்பதையெல்லாம் மைக் குத்துகிற நேரத்தில் யார் விளக்குவது. பள்ளிக்கூடத்தில் வாலு என்று கூப்பிட்டார்கள், இங்கே கிறிஸ்தவ வேதக்காரி ஆக்கிவிட்டார்கள், எல்லாம் ஒன்றுதான் என்று அப்போது நினைத்தாள். இப்போது அது உறுத்தியது. நம்ம ஆளு என்ற நம்பிக்கையில்தானே கதவைச் சாத்தினாள். நம்ம ஆள் பக்கத்தில் இருக்கிறாள், மோசம் போகாது என்று. இந்த இரண்டாம் தடவைக்கு முன்னால் கேட்கவும் கேட்டாளே, "வெறும் சத்தத்த எடுத்து என்ன செய்வீய?" என்று. வாலண்டினாவைப் பார்த்துத்தான் கேட்டாள். இளம்பரிதி முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா, சத்தம் சுத்தமா வரணும்ல, அதுக்குத்தான்." சுத்தமாம். வாலண்டினாவும் வாயைத் திறக்கவில்லை.

சுத்தத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பேச்சில் ஒரு இடத்தை வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் குழி விழும். ஆள் பேசுவதும் அறை முனகுவதும் சேர்ந்தே பதிவாகியிருக்கும், பேச்சை வெட்டினால் முனகலும் போய்விடும், கேட்கிறவன் காதுக்குப் படிக்கட்டில் ஒரு படி இல்லாததுபோல இருக்கும். அந்தக் குழியில் இதைப் போட்டு மூடுவார்கள். வெட்டினதே தெரியாது. இதோ, இப்போது அந்த அம்மாள் அவ்வளவு ஒத்தாசையாக, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கொடுத்துக்கொண்டிருப்பது தன் பேச்சைப் புதைக்கப்போகும் குழிக்கு மண். நல்ல மண்ணாகவும் இருக்கிறது, ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. சத்தத்துக்கு அது. படத்துக்கு இந்தப் பேசாத முகம், வேறு ஏதாவது கேள்விக்குப் பின்னால் ஒட்ட. சிவப்பு விளக்கு அதற்காக எரிகிறது. இதே மாதிரி இளம்பரிதி முன்னாலும் செய்திருக்கிறார், தோல் பதனிடுகிற ஊரைப் பற்றிய படத்தில். கிணறெல்லாம் கெட்டுப்போன ஊரில் ஒரு பெரியவர். "இந்தத் தண்ணியை உங்க பேரப்பிள்ளைக்குக் கொடுப்பீங்களா?" என்பது கேள்வி. அதற்கு அவர் கேன் தண்ணீர் வாங்குகிற விவரத்தையும் கேன் போடுகிற பையன் நேரத்துக்கு வராததையும் விலாவாரியாகச் சொன்னார். படத்தில் அது இல்லை. கேள்வி, அப்புறம் அவர் முகம், வெகுநேரம் முகம், கலங்கிய கண், நடுங்கிய உதடு. சென்னையில் அரங்கமே மூக்கை உறிஞ்சியது. அந்த முகம் ரூம் டோன் முகம். அது முடிந்த மறுநொடி அந்தப் பெரியவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடியதைப் பார்த்தவள் வாலண்டினா ஒருத்திதான். "ரொம்ப நேரமா அடக்கிக்கிட்டு இருந்தேம்மா" என்று திரும்பி வந்து வெட்கத்தோடு சொன்னார். அரங்கத்தில் எல்லோரும் அழும்போது அவளுக்கு மட்டும் சிரிப்பு வந்து, சிரிப்பு தொண்டையில் நின்று, பக்கத்தில் இருந்தவர் அவளும் அழுகிறாள் என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். ஆனால் கிணறு கெட்டது பொய்யில்லையே. அந்தப் படத்துக்குப் பிறகுதானே ஊருக்கு நல்ல தண்ணீர்க் குழாய் வந்தது. ஒரு கிழவர் அடக்கிவைத்த மூத்திரம் ஒரு ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இளம்பரிதி கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் என்றைக்கோ பெட்டியைக் கட்டிக்கொண்டு கல்யாண வீடியோவுக்குப் போயிருப்பாள். தன் வீட்டை அடகு வைத்துப் படம் எடுக்கிறவர், அடி வாங்கியவர், ஒரு தடவை கேமராவைக் காப்பாற்றத் தன் கையை ஒடித்துக்கொண்டவர். அவர் வேண்டாம் என்று சொல்கிற துறைமுகம் அவளுக்கும் வேண்டாம். கம்பெனியும் படம் எடுத்திருக்கிறது, பேருந்து நிலையத்துப் பெரிய திரையில் நாளெல்லாம் ஓடுகிறது. மேலேயிருந்து பறந்து பறந்து எடுத்த கடல், தலையில் மஞ்சள் தொப்பி வைத்த பையன்கள், பின்னால் புல்லாங்குழல், இந்தக் கரையில் இல்லவே இல்லாத ஒரு பறவையின் கூவல். அந்தப் பறவையை எந்த ஸ்டூடியோவில் யார் போட்டிருப்பார் என்பதுகூட அவளுக்கு உத்தேசமாகத் தெரியும், கூடப் படித்தவன். "அவன்கிட்ட நாட்டுல இருக்கிற எல்லாத் திரையும் இருக்கு தோழர். நம்மகிட்ட நாப்பது நிமிஷம் இருக்கு. அந்த நாப்பது நிமிஷத்துல அவனுக்கும் ஒரு பங்கு கொடுக்கச் சொல்றீங்களா?" என்பார் இளம்பரிதி. பேட்டி எடுக்கும் வித்தையையும் அவர் இளசுகளுக்கு இப்படித்தான் சொல்லுவார்: பதில் முடிஞ்சதும் அடுத்த கேள்விக்குப் பறக்காதே, சும்மா அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு இரு, மனுஷனால மௌனத்தைத் தாங்க முடியாது, தாங்க முடியாம வாயைத் திறப்பான், அப்ப வரும் பார் உண்மை. இன்றைக்கும் அப்படித்தான் வந்தது. ராயர் போன பிறகு அவர் சும்மா இருந்தார், அந்த அம்மாள் வாயைத் திறந்தாள், உண்மை வந்தது. வந்த உண்மை இவர் எதிர்பார்த்த உண்மையாக இல்லை, அவ்வளவுதான் விஷயம். விரித்த வலையில் வேறு மீன் விழுந்ததும் மீனைக் குற்றம் சொல்லுகிற கதை.

வாலண்டினாவின் அம்மாவும் அப்படி ஒரு நாள் வாயைத் திறந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு உட்கார்ந்திருந்தபோது, ஒரு சம்பந்தமும் இல்லாமல். தேர்தல் சமயம், வெளியே ஒலிபெருக்கி ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. "நான் ஒரு தடவகூட உங்கப்பா கட்சிக்கு ஓட்டுப் போட்டதில்ல கண்ணு" என்றாள் அம்மா. வாலண்டினா டோக்கனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். எல்லாத் தேர்தலிலும் அப்பாவோடு கைகோத்துப் போய், விரலில் மையோடு சங்க அலுவலகத்து வாசலில் போட்டோவுக்கு நின்ற அம்மா. "உங்கப்பாகிட்டச் சொல்லிப்போடாதே." அப்பா செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஏம்மா, என்று கேட்டதற்கு, "யாரும் என்னையக் கேக்கலையே, உங்க வீட்டுல எல்லாத்துக்கும் தெரியுமே நான் யாரு பக்கம்னு" என்றாள். உங்க வீட்டுல. அப்பா மேடையில் என் வீட்டாள், என் துணைவியார், வேலைநிறுத்தத்தில் என்னோடு பட்டினி கிடந்தவர் என்று பேசும்போது அம்மா கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். கூட்டம் அந்தப் பார்வைக்குக் கை தட்டும். வாலண்டினாவும் சின்னப் பிள்ளையாக மடியில் உட்கார்ந்து கை தட்டியிருக்கிறாள். அப்பா பேசியது தப்பு என்று அவளுக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. மில் முதலாளி திருடன்தான், கூலி உயர்ந்தது அப்பாவால்தான். ஆனாலும் அந்த டோக்கன் நம்பரை இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் அவள் எழுந்தாள்.

அறுபது வினாடியைத் தாண்டியிருக்கும். பச்சைக் கோடு சும்மா படுத்துக் கிடந்தது. போதும் என்று சொல்ல வேண்டியது அவள்தான், ரூம் டோனைத் தொடங்குவதும் முடிப்பதும் ஒலிக்காரியின் பாத்தியதை, இயக்குநர்கூடக் காத்திருக்க வேண்டும். அவள் வாயைத் திறக்கப்போவதைப் பார்த்து இளம்பரிதி மடியில் வைத்திருந்த கையில் ஒரு விரலை மட்டும் அசைத்தார். இன்னும் கொஞ்சம். இன்னாசியம்மாவின் முகம் மாறிக்கொண்டிருந்தது. முதலில் போட்டோவுக்கு உட்கார்ந்த முகம், அப்புறம் வேர்த்த முகம், இப்போது வேறு. மகனை நினைக்கிறாளோ. நேரத்தைப் பார்த்தால் அவன் இப்போது தண்ணீருக்குள் இருப்பான். கண் பாதி மூடி, உதடு உள்ளே மடிந்து, தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது, அந்தச் சத்தம்கூட மைக்கில் வந்தது. படத்தில் எங்கே போடுவார் என்று வாலண்டினாவுக்கு ஃபிரேம் ஃபிரேமாகத் தெரிந்தது. "இந்தக் கடலை விட்டுட்டுப் போகச் சொன்னா போவீங்களாம்மா?" அப்புறம் இந்த முகம். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆயிரம் பேர் இந்த முகத்தைப் பார்ப்பார்கள். துறைமுகம் வராமலே போய்விடலாம். வரக்கூடாதுதான். ஷாஜகான் கேமராவை மெல்ல, மெல்ல நெருக்கிக்கொண்டு போனான், பாவி, எவ்வளவு நன்றாகச் செய்கிறான். சொல்லிவிடலாமா. சொன்னால் என்ன ஆகும். அந்த அம்மாள் பேட்டியே வேண்டாம் என்று மைக்கைக் கழற்றிவிடுவாள், படம் நொண்டும், இளம்பரிதி முகத்தில் முழிக்க முடியாது. சொல்லாவிட்டால். வெட்டாமல் போட்டாலோ, அது இன்னும் மோசம், படக்காரர்கள் வேனில் ஏறிச் சென்னைக்குப் போய்விடுவார்கள், இன்னாசியம்மா இங்கே மூடிய குழாய்க்கு முன்னால் குடத்தோடு நிற்பாள். அவளைக் காப்பாற்றத்தான் வெட்டுகிறோம் என்று எடிட்டிங் டேபிளில் அவர் சொல்லுவார். அதுவும் பொய்யாக இருக்காது. எதைத் தொட்டாலும் பாதி நிஜமாக இருந்தது, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. காப்பாற்றுவதென்றால் அவளைக் கேட்டுக் காப்பாற்றக் கூடாதா. உங்க வீட்டுல எல்லாத்துக்கும் தெரியுமே, என்று அம்மா சொன்னது வந்து நின்றது. மறுபடி மூக்கு அரித்தது. விரல் மறுபடி அசைந்தது, இன்னும் கொஞ்சம். வாலண்டினா கையைத் தூக்கி மூக்கைச் சொறிந்தாள், பரபரவென்று, ஆசை தீர. பச்சைக் கோடு துள்ளியது. இளம்பரிதி திரும்பிப் பார்த்தார்.

"போதும்" என்றாள். பிறகு, அவர் பேசுவதற்குள், "அக்கா, நீங்க கேட்டீங்கல்ல, வெறும் சத்தத்தை எடுத்து என்ன செய்வீங்கன்னு. வெட்டின இடம் தெரியாம இருக்கறதுக்கு. பேச்சை வெட்டி எடுத்துட்டு அந்த இடத்துல இதைப் போடுவோம்" என்றாள். சொல்லும்போது குரல் அவளுடையதாக இல்லை, ஹெட்போனில் யாரோ பேசுவதாகக் கேட்டது. "வாலண்டினா" என்றார் இளம்பரிதி. அவள் பதிவை நிறுத்தவில்லை. இன்னாசியம்மா அவளைப் பார்க்கவில்லை, இளம்பரிதியைப் பார்த்தாள். "அப்பம் எத வெட்டப் போறீய சார்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, மீன்கடையில் எந்தத் துண்டு என்று கேட்பதுபோல. கேட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மகன் தண்ணீருக்கு மேலே வரும்வரை தினமும் காத்திருக்கிறவள், அவளுக்கு அது ஒரு சிரமமே இல்லை. கூரை டிக் என்றது. மாதா பல்புகள் ரீங்கரித்தன. ஷாஜகான், கேள்வி கேட்கப்பட்டவன் பக்கம் கேமராவைக் கொண்டுபோகிற கைப்பழக்கத்தில் பாதி திருப்பிவிட்டு, என்ன செய்கிறோம் என்று தெரிந்து அப்படியே நின்றான். வாலண்டினா தன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். இளம்பரிதி கழுத்தைத் துடைத்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார், ஜன்னலைப் பார்த்தார். அந்த மௌனத்தை அவரால் தாங்க முடியவில்லை. "எல்லாம் அப்படியே வரும்மா," என்றார், "கடைசியா சொன்னீங்களே, அது மட்டும்தான்."

"அது மட்டுந்தான் சார் நான் சொன்னது" என்றாள் இன்னாசியம்மா. "மத்தது பூரா ராயர் சொல்லித் தந்தது." எழுந்தாள், சேலையை உதறிக்கொண்டாள், மைக்கைக் கழற்ற வேண்டும் என்பது அவளுக்கு நினைவில்லை. கதவை முழுசாகத் திறந்துகொண்டு வெளியே போனாள். வாலண்டினாவின் காதுக்குள் அவள் நடந்து போவது கேட்டது, மணலில் கால், வேலிப் படல், வாளி, சூசையின் இருமல். இங்கே அறைக்குள் இளம்பரிதி தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும் அவள் தலையைத் தூக்கவில்லை. அங்கே ஒரு நொடி சத்தமே இல்லை. கையால் பேசப் போகிறாள் என்றுதான் வாலண்டினா நினைத்தாள். தெருவுக்கு மறைக்க வேண்டிய சங்கதிக்குக் கைதானே. நல்லது, இப்படியே போகட்டும், யாருக்கும் ஒன்றும் ஆகாது, என்று ஒரு ஆசுவாசம், அந்த ஆசுவாசத்தின் மேலேயே ஒரு வெட்கம், இரண்டும் நெஞ்சுக்குள் ஏறி வருகிற நேரத்தில் ஹெட்போன் வெடித்தது. "வெட்டப் போறாவளாம்!" கதவு வழியாகவும் அதே குரல் வந்தது, தெரு வழியாகவும். என்னது, என்றார் சூசை. "துறைமுகம் வரட்டும்னு சொன்னேன்! எம் மவன் கரையில வேல பாக்கட்டும்னு சொன்னேன்! அத வெட்டப் போறாவளாம்!" எதிர்வீட்டில் யாரோ பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். தெருமுனையில் போன் பேசிக்கொண்டிருந்த ராயரின் குரல் பாதியில் நின்றது. பச்சைக் கோடு மஞ்சளைத் தாண்டிச் சிவப்பில் போய் முட்டியது, இப்படி முட்டினால் உடனே அளவைக் குறைக்க வேண்டும், இந்தத் தொழிலில் முதலில் சொல்லித் தருவது அதுதான். வாலண்டினா குறைக்கவில்லை. "வாலண்டினா, ஆஃப் பண்ணுங்க" என்றார் இளம்பரிதி. வெளியே சூசை இன்னொரு தடவை என்னது என்று கேட்டார், இன்னாசியம்மா இன்னொரு தடவை, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னாள்.